நாணயத்தைத் திருத்திய கற்பனைப் பேரரசன்: எங்கே இடிக்கிறது?

பிப்ரவரி 2, மாலை (கேள்வி)

கற்பனைப் பேரரசு ஒன்றை வைத்து நாவல் எழுதுகிறேன். நாயகன் 19 வயதில் பட்டத்துக்கு வருகிறான். அப்பன் காலத்துக் காசில் வெள்ளி பெயருக்குத்தான், மீதி செம்பு. பட்டமேற்ற அன்றே "பழைய காசு எதுவும் செல்லாது" என்று முரசறைகிறான். ஒரே வருஷத்தில் நாடு முழுக்கச் சுத்த வெள்ளிக்காசு. வணிகம் பெருகுகிறது, எதிரிகள் பணிகிறார்கள், 40 வருஷம் ஆள்கிறான். எங்காவது இடிக்கிறதா?

பிப்ரவரி 2, இரவு

இடிக்கிறது. முரசறையும் இடத்திலேயே. வெள்ளி எங்கிருந்து வந்தது?

அப்பன் செம்பைக் கலந்ததே வெள்ளி போதாமல்தான். மகன் தலையில் கிரீடம் ஏறியதும் வெள்ளி முளைத்துவிடுமா? சுரங்கம், படையெடுத்துக் கொள்ளை, கோயில் பண்டாரம், புது வரி. இந்த நாலில் ஒன்றையாவது காட்ட வேண்டும். நாலிலும் யாரோ ஒருவர் வயிறெரிவார். அந்த வயிறெரிச்சலில்தான் உங்கள் கதை இருக்கிறது.

இன்னொன்று. பழைய காசு செல்லாது என்றால் அன்று இரவு நஷ்டப்படுவது யார்? பிரபுக்கள் பொன்னாகவும் நிலமாகவும் வைத்திருப்பார்கள். செம்புக் காசை முடிந்து வைத்திருப்பவன் கூலிக்காரன். முதல் நாளே அவனைச் செல்லாக்காசாக்கிய ராஜாவை 40 வருஷம் கொண்டாடுவார்களா?

பிப்ரவரி 3

நேற்று எரிச்சலில் எழுதியது. உருப்படியாக ஒன்று சொல்கிறேன்: உங்கள் ராஜாவுக்கு நிஜத்தில் அச்சு வேண்டுமென்றால் பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசன் முதலாம் அலெக்சியோஸ் கொம்னேனோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1081-இல் அரியணையைப் பிடித்தவர், 1118 வரை ஆண்டார். 37 வருஷம். உங்கள் நாற்பதுக்குப் பக்கம்.

ரோமானியப் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்திலிருந்து ஏறத்தாழ 700 வருஷம் மாற்று குறையாமல் வந்த பொற்காசு அவர்களுடையது. ஒரு ரோமானிய ராத்தலுக்கு 72 காசு, காசுக்கு நாலரை கிராம், கிட்டத்தட்ட 24 காரட். 1030-களில் நான்காம் மிகைல் காலத்தில் மாற்று குறையத் தொடங்கியது. முதலில் கொஞ்சமாக, அப்புறம் வேகமாக. அலெக்சியோஸ் வரும்போது பொற்காசு என்பது பேருக்குத்தான்.

இங்கேதான் ரசமான திருப்பம். வந்தவர் உடனே திருத்தவில்லை. மேலும் கெடுத்தார். மேற்கே நார்மன்கள், வடக்கே பெச்செனெக் என்ற நாடோடிக் கூட்டம், கிழக்கே துருக்கியர். படைக்குச் சம்பளம் கொடுக்கத் தேவாலயங்களின் பொன் வெள்ளிப் பாத்திரங்களை எடுத்து உருக்கினார். கால்செடான் நகரத்து ஆயர் லியோ அதை எதிர்த்துப் பெரிய சண்டையே போட்டார். காசு அதன் வரலாற்றிலேயே அடிமட்டத்துக்குப் போனது இந்த மனிதர் ஆட்சியின் முதல் பத்து வருஷத்தில்.

1091-இல் பெச்செனெக் படை ஒழிந்தது. 1092-இல் புதுப் பொற்காசு வந்தது. இரண்டு வருஷங்களும் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். போர் ஓயாமல் காசு தேறாது.

புதுக்காசும் 24 காரட் இல்லை, சுமார் இருபதரை. பழைய பெருமையை மீட்கிறேன் என்று கஜானாவைக் காலி செய்யாமல், இதற்குமேல் இறங்கமாட்டேன் என்று ஓர் இடத்தில் நின்றார். உங்கள் நாயகனின் "சுத்த வெள்ளி" எனக்கு உறுத்துவது இதனால்தான். சுத்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மாறாமல் இருந்தால் போதும்.

பிப்ரவரி 3, கொஞ்ச நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். 1092-இல் காசு வந்தாயிற்று, ஆனால் வரி கட்டும் இடத்தில் குழப்பம் 1109 வரை ஓடியது. பழைய கணக்கில் எழுதிய வரியைப் புதுக்காசில் எவ்வளவு என்று வாங்குவது? தண்டல்காரன் ஒவ்வொருவனும் தனக்குத் தோன்றிய வீதத்தில் வாங்கினான். கடைசியில் 1106 முதல் 1109 வரை வீதங்களைத் திரும்பத் திரும்ப ஆணையிட்டு ஒழுங்கு செய்ய வேண்டி வந்தது. காசு அடிக்க ஒரு வருஷம், அதைக் கணக்கில் ஏற்ற பதினேழு.

நான் பல காலம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஒரு நிறுவனத்தில் பழைய பேரேட்டைப் புது முறைக்கு மாற்றினார்கள். மாற்றுவது மேலிடத்துக்கு ஒரு சுற்றறிக்கை. கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு வரியும் தகராறு. அதனால் எனக்கு அலெக்சியோஸின் போர்களைவிட அந்தப் பதினேழு வருஷம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் நாவலில் தங்கசாலைக் காட்சியைப் பாதியாகக் குறையுங்கள். தண்டல்காரன் மேசையை நடுவில் போடுங்கள்.

பிப்ரவரி 5

"துக்ளக் மாதிரி ஒரு பைத்தியக்கார ராஜாவாக்கினால் விற்கும்" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். முகம்மது பின் துக்ளக்கை வைத்து நாம் சிரித்தது போதும். மனிதர் 1325 முதல் 1351 வரை ஆண்டவர். நாணய விஷயத்தில் அவர் அளவுக்கு யோசித்த அரசர்கள் குறைவு. பொன், வெள்ளிக் காசுகளின் எடையை மாற்றிப் பார்த்தவர். அவர் அடித்த காசுகளின் வேலைப்பாட்டைப் பார்த்த நாணயவியலாளர் எட்வர்ட் தாமஸ் அவரைத் தங்கசாலைக்காரர்களின் இளவரசன் என்றே புகழ்ந்தார்.

1329-30 வாக்கில் பித்தளையிலும் செம்பிலும் காசு அடித்து, இது தங்கா என்ற வெள்ளிக்காசுக்குச் சமம் என்றார். யோசனை கிறுக்குத்தனம் இல்லை. சீனத்தில் குப்ளாய் கான் 1260-லேயே காகிதத்தைப் பணமாக்கி ஓட்டிக் காட்டியிருந்தார். காகிதம் ஓடினால் பித்தளை ஏன் ஓடாது?

ஓடாததற்குக் காரணம் தொழில்நுட்பம். சீனத் தாளில் அரசு முத்திரை இருந்தது, அச்சு இருந்தது, கள்ளத்தாள் அடித்தால் தலை போகும் என்ற பயம் இருந்தது. பித்தளைக் காசை எந்தக் கன்னானும் அடிக்கலாம். வீடெல்லாம் தங்கசாலையாயிற்று என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் பரணி எழுதி வைத்தார். காசின்மேல் "சுல்தானுக்குக் கீழ்ப்படிபவன் இறைவனுக்குக் கீழ்ப்படிகிறான்" என்று பொறித்திருந்தார்கள். கள்ளக்காசிலும் அதே வாசகம்தானே இருந்திருக்கும்!

ஆனால் அதற்கப்புறம் அவர் செய்ததை யாரும் பேசுவதில்லை. சில வருஷத்திலேயே காசைத் திரும்பப் பெற்றார். கொண்டுவந்து கொட்டியவர்களுக்கு வெள்ளி கொடுத்தார். கஜானா காலியானது, துக்ளகாபாத்தில் பித்தளைக் காசு மலைமலையாகக் கிடந்தது. கள்ளக்காசுக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். பைத்தியம் என்பவர்கள் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு இது அரசன் ஒருவன் தன் முத்திரைக்குக் கட்டுப்பட்ட அபூர்வமான காரியம்.

பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய அரசர் கைகாத்து இல்கான் 1294-இல் தப்ரீஸ் நகரத்தில் காகிதப் பணம் விட்டார். கடைகள் மூடின, சந்தை வெறிச்சோடியது, சில வாரங்களில் கைவிட்டார். அடுத்த வருஷம் கொல்லப்பட்டார். துக்ளக் பித்தளைக் காசைத் திரும்பப் பெற்ற பிறகு இன்னும் ஏறத்தாழ 20 வருஷம் ஆண்டார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பிப்ரவரி 6

வெள்ளி, பொன் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். சில்லறை?

பைசாந்தியப் பேரரசன் முதலாம் அனஸ்தாசியோஸைப் பாருங்கள். 491-இல் பட்டத்துக்கு வந்தபோது வயது அறுபதைத் தொட்டிருந்தது. அரண்மனை உத்தியோகஸ்தர், படைத்தலைவர் அல்ல. ஒரு கண் ஒரு நிறம், மறு கண் வேறு நிறம். (நாவலாசிரியருக்கு ஓசியில் கிடைத்த அடையாளம்.) அவர் காலத்தில் செப்புக்காசு என்றால் ஒரு கிராம்கூட இல்லாத பொடிக்காசு. ஒரு பொற்காசுக்கு ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டும். 498-இல் 40 பொடிக்காசு மதிப்புள்ள பெரிய செப்புக்காசு, அதில் பாதி, அதில் கால் என்று அடித்து, மதிப்பைக் காசின்மேலேயே பெரிய எழுத்தில் பொறித்தார். அவ்வளவுதான் சீர்திருத்தம். அதே வருஷம் வணிகர், கைவினைஞர் மேலிருந்த ஒரு வெறுக்கப்பட்ட வரியையும் எடுத்தார்.

518-இல் அவர் சாகும்போது கஜானாவில் 3,20,000 ராத்தல் பொன் இருந்ததாக வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் சொல்கிறார். நம் கணக்கில் ஏறத்தாழ 100 டன்.

தேவாலயத்து வழிபாட்டில் ஒரு வரியைச் சேர்த்ததற்காக 512-இல் கலவரம் வெடித்தது. கிழவர் கிரீடத்தைக் கழற்றிவிட்டு ஹிப்போட்ரோம் அரங்கில் கூட்டத்துக்கு எதிரே போய், வேண்டாமென்றால் விலகிவிடுகிறேன் என்றார். கூட்டம் அடங்கியது. அதே வருஷம் செப்புக்காசின் எடையை இரட்டிப்பாக்கினார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பது உங்கள் நாவலுக்கு விட்ட இடம்.

பிப்ரவரி 6, இரவு

19 வயது வேண்டாம். அறுபது வையுங்கள்.

பிப்ரவரி 8

அறுபது வயது நாயகனை யாரும் படிக்கமாட்டார்கள் என்று பதில் வந்திருக்கிறது. சரி, முப்பத்தைந்து. இதற்குமேல் இறங்கமாட்டேன்.

இன்று தங்கசாலை ஆட்கள். பாதியாகக் குறையுங்கள் என்றேன், எடுத்துவிடச் சொல்லவில்லை. ரோமில் பேரரசன் ஆரேலியன் 271-இல் நாணயத்தில் கை வைத்தபோது தங்கசாலைக்காரர்களே கலகம் செய்தார்கள். அவர்களுக்குத் தலைமை கணக்கதிகாரி ஃபெலிசிஸிமஸ். காரணம் வெளிப்படை: ஏற்கெனவே வெள்ளி குறைந்த காசில் அவர்கள் இன்னும் கொஞ்சம் சுரண்டிப் பிழைத்தார்கள். கலகத்தை அடக்கியதில் 7,000 வீரர்கள் மாண்டதாகப் பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் காசு அடிப்பவர்களை அடக்க நகரத்துக்குள்ளேயே ஒரு போர் நடத்த வேண்டியிருந்தது.

274-இல் அவர் விட்ட புதுக்காசு எனக்குப் பிடித்தது. அதில் XXI என்று ரோமானிய எண்ணில் 21 பொறித்திருக்கும். பரவலான விளக்கம்: இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி. அதாவது, இது மட்டமான காசுதான், ஆனால் எவ்வளவு மட்டம் என்று முகத்திலேயே எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள் என்கிறது. இதைவிட நேர்மையான நாணயம் உண்டா?

அந்தக் காலத்துக்குச் சற்று முந்தைய காசுகள் சிலவற்றை ஒரு சேகரிப்பாளர் என் கையில் கொடுத்தார். வெள்ளிக்காசு என்று பெயர். விளிம்பில் எங்கோ ஒரு மினுக்கு, மற்றபடி செம்புத் தகடு. சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரே வகைக் காசு, எடை ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பொன்னைத்தான் காசு காசாக நிறுப்பார்கள். மட்டக்காசை ராத்தலுக்கு இத்தனை என்று மொத்தமாக நிறுத்துத் தள்ளுவார்கள். ஆகவே கையில் வருவது குண்டா ஒல்லியா என்பது அதிர்ஷ்டம். குண்டுக்காசு வந்தால் பதுக்குவார்கள், ஒல்லிக்காசைச் செலவழிப்பார்கள். ராஜாவின் ஆணை இந்த விரல் சாமர்த்தியத்திடம் தோற்றுவிடும். நோட்டக்காரன் ஒருவனைப் பாத்திரமாக்குங்கள். காசைச் சுண்டி ஓசை கேட்பவன், உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பவன். அரண்மனைக்கு முன்பே அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 9

மேலதிகச் சிரிப்புக்கு: சீனத்து வாங் மாங். கி.பி. 9-இல் தானே பேரரசனாகி 23-இல் கொல்லப்பட்டவர். அதற்குள் நாணயத்தை நாலு தடவை மாற்றினார். முதல் தடவை, கி.பி. 7-இல், பட்டத்துக்கு வருமுன்பே! கத்தி வடிவில் ஒரு காசு, அதில் பொன்னால் எழுத்து இழைத்து மதிப்பு ஐயாயிரம் என்றார். கி.பி. 10-இல் 28 வகை: பொன், வெள்ளி, செம்பு, ஆமையோடு, சோழி. எது எதற்கு எத்தனை என்று மனிதனால் நினைவில் வைக்க முடியுமா? சனங்கள் பழைய ஐந்து ஷூ (ஷூ என்பது சீனத்து எடை அளவு) காசையே ரகசியமாகப் புழங்கினார்கள். தண்டனை கூட்டினார், கள்ளக்காசு அடித்தவனோடு அக்கம்பக்கத்துக் குடும்பங்களையும் அடிமையாக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஐந்து ஷூ காசு ஹான் பேரரசன் வூ கி.மு. 118-இல் கொண்டுவந்தது. தாங் வம்சம் கி.பி. 621-இல் புதுக்காசு விடும்வரை எழுநூறு வருஷத்துக்குமேல் அந்த வகைதான். நடுவில் எத்தனை வம்சம் வந்து போயின.

பிப்ரவரி 12

கடன். இதை யாருமே கேட்கவில்லையே!

பழைய காசில் நூறு கடன் வாங்கியவன் புதுக்காசில் எத்தனை திருப்பித் தருவான்? நூறே என்றால் கடன்காரன் செத்தான். குறைத்தால் கொடுத்தவன் கத்துவான். ரோமானியப் பேரரசன் டயோக்ளீஷியன் கி.பி. 301-இல் காசுகளின் மதிப்பை ஒரே ஆணையில் இரட்டிப்பாக்கியபோது இதற்கும் விதி போட்டார்: செப்டம்பர் 1-க்கு முந்தைய கடனைப் பழைய மதிப்பில் கட்டு, பிந்தையதைப் புதிய மதிப்பில் கட்டு. இன்றைய துருக்கியில் உள்ள அப்ரோடிசியாஸ் நகரத்தில் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது.

அதே வருஷம் அவருடைய விலை ஆணையும் வந்தது. ஆயிரத்துக்குமேல் பொருள்களுக்கு உச்ச விலை, மீறினால் மரண தண்டனை. சரக்கு சந்தைக்கு வராமல் போயிற்று, அற்பப் பொருளுக்கெல்லாம் ரத்தம் சிந்தினார்கள் என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் எழுதுகிறார். அவர் டயோக்ளீஷியனின் பரம விரோதி, அதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். இருந்தாலும், ஒரு கையால் காசின் மதிப்பை இரட்டிப்பாக்கிவிட்டு மறு கையால் விலையைக் கட்டிப்போட முயன்றால் வேறென்ன நடக்கும்?

உங்கள் நாவலில் ஓர் அத்தியாயம் இப்படி வரட்டும்: முரசு அறைவதற்கு முதல் நாள், செய்தி கசிந்துவிட்டது. கடன் பட்டவர்கள் எல்லாரும் பழைய காசோடு கடன் கொடுத்தவன் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு ஊரில் இல்லை என்கிறான். உலகத்தில் கடன்காரன் துரத்த, கொடுத்தவன் ஓடுவது அந்த ஓர் இரவில் மட்டும்தான்.

பிப்ரவரி 13

காசில் ராஜா முகம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். கலீஃபா அப்துல் மாலிக் 696-97 வாக்கில் பொற்காசிலிருந்து உருவத்தை நீக்கி வெறும் எழுத்தாக்கினார். எடை 4.25 கிராம். முகம் இல்லாமலும் அது கண்டம் விட்டுக் கண்டம் ஓடியது. முகம் உங்கள் விருப்பம். அட்டைப்படம் போடுகிறவருக்கு உதவும்.

பிப்ரவரி 16

எதிரிகள் பணிவதைப் பற்றி. எல்லைக்கு வெளியே ஆணை ஏது? அங்கே தராசுதான் பேசும்.

நீரோ கி.பி. 64-இல் வெள்ளிக்காசை ராத்தலுக்கு 84 என்பதிலிருந்து 96 ஆக்கினான். ஒவ்வொரு 84-க்கும் 12 காசு லாபம், அதாவது நூற்றுக்குப் பதினாலு. அதோடு வெள்ளியின் மாற்றையும் குறைத்தான். உள்நாட்டில் பெரிய கலகம் ஏதும் இல்லை. ஆனால் இந்தியாவில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்களைப் பாருங்கள்: பெருவாரியாக அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துப் பழையவை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த பொற்காசுகளில் பலவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இங்கே அந்த முகத்துக்கு அதிகாரம் இல்லை, வெறும் பொன்னாகத்தான் மதிப்பு என்று வெட்டினார்களோ என்று ஊகிக்கிறார்கள். எதற்கு வெட்டியிருந்தாலும், தன் முகத்தில் உளி விழுந்தது ரோமில் இருந்தவனுக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே உங்கள் ராஜாவின் வெற்றியை எதிரி மண்டியிடும் காட்சியில் வைக்காதீர்கள். எதிரி நாட்டுத் துறைமுகத்தில் ஒரு வணிகன் அவன் காசை நிறுக்காமல் எண்ணி வாங்குகிறான். அது போதும்.

பிப்ரவரி 17

இது என் ராஜா இல்லை, உங்களுடையது என்பது நடுவில் மறந்துபோகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு காலத்தில் இப்படி ஒருவனை வைத்து எழுத ஆரம்பித்தேன். அவன் தங்கசாலையைக் கட்டி முடிப்பதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. வரி வாங்குகிறவனிடமிருந்து தொடங்கியிருந்தால் ஒருவேளை ஓடியிருக்கும்.

பிப்ரவரி 20

40 வருஷ ஆட்சி. இதில் எனக்கு மனம் மாறிவிட்டது. முன்பு அலெக்சியோஸின் 37-ஐக் காட்டி ஒப்புக்கொண்டேன். இப்போது தேவையில்லை என்று படுகிறது.

ஷேர் ஷா சூர் 1540-இல் தில்லி அரியணையைப் பிடித்து 1545 மே மாதம் காலிஞ்சர் கோட்டை முற்றுகையில் வெடிமருந்து வெடித்து இறந்தார். ஐந்தே வருஷம். அதற்குள் 178 தானிய எடை, அதாவது பதினொன்றரை கிராம், வெள்ளி ரூபாயையும் செப்புக் காசையும் பல ஊர்த் தங்கசாலைகளில் ஒரே தரத்தில் அடிக்க வைத்துவிட்டார். அவரால் விரட்டப்பட்ட ஹுமாயூன் திரும்பி வந்தார், சூர் வம்சம் போயிற்று. ஆனால் ஹுமாயூனின் மகன் அக்பர் தூக்கியெறியாமல் வைத்துக்கொண்டது எதிரியின் ரூபாயை. செம்பு 40-க்கு வெள்ளி ஒன்று என்று அரசுக் கணக்கே அதில் ஓடியது. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி விட்ட ரூபாயும் 180 தானியம், கிட்டத்தட்ட அதே எடை.

ஏன் வைத்துக்கொண்டார்கள்? தண்டல்காரர்கள் அதற்குள் அந்தக் காசில் கணக்கு எழுதப் பழகிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். புது ராஜா வந்து வேறு காசு என்றால் மறுபடி எல்லாப் பேரேட்டையும் மாற்ற வேண்டும். எந்தக் குமாஸ்தாவும் சம்மதிக்கமாட்டான், நானும்தான்.

எனவே என் சிபாரிசு: முப்பத்தைந்து வயதில் பட்டம், ஆட்சி ஏழெட்டு வருஷம். முதல் மூன்று வருஷம் போரில் அவனே காசைக் கெடுக்கட்டும். பிறகு புதுக்காசு. பழையது செல்லாது என்று ஒருபோதும் அறைய வேண்டாம். வரியாகக் கட்டும்போது பழைய காசு நாலுக்குப் புதுக்காசு ஒன்று என்று அரசே வாங்கிக்கொள்ளட்டும், வந்ததை உருக்கட்டும். காசு தானாக மாறிவிடும். வாரிசு யார் என்பதில் சண்டை வரட்டும், யார் ஜெயித்தாலும் காசை மாற்றமாட்டான்.

சாவு எப்படி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வெடிமருந்து வேண்டாம், அது ஷேர் ஷாவுடையது.